அடுத்த தேதி

டிரைவிங் மாஸ்டரின் வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தப்புத்தண்டா செய்தால் அதை மிதித்து வண்டியை நிறுத்த வேண்டியது அவர் வேலை. மிதித்து மிதித்து, பிரேக் இல்லாத இடத்திலும் அந்தக் கால் மிதிக்கப் பழகிவிட்டது. சினிமாவில் கதாநாயகன் மாடிப்படியில் ஓடினால் மிதிக்கும். லிஃப்ட் இறங்கினால் மிதிக்கும். மனைவி ஒரு வாக்கியத்தைக் கோபமாக ஆரம்பித்தால், அது எங்கே போய் முட்டும் என்று தெரிந்து, சாப்பாட்டு மேசைக்கு அடியில் நைசாக மிதிக்கும்.

மாஸ்டரின் ஷூவில் வலதுபக்கம் மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது கீழ்வீட்டு அத்தைதான். அடுத்தவர் ஷூவின் அடிப்பாகத்தில் இவளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அவரவர் வீட்டுச் செருப்பைப் பற்றியும் ஏதாவது கிளம்பும்.

மாஸ்டருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஃபெயில் என்ற வார்த்தை அவர் வண்டிக்குள் ஏறக் கூடாது. லைசென்ஸ் தேர்வில் கோட்டை விட்டு, முகம் தொங்கிப்போய் வருகிறவர்களைப் பார்த்து, ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்வார்: "அடுத்த தேதி கிடைச்சிருக்கு! ஏறுங்க." ஏறச் சொல்வது பக்கத்து இருக்கையில் இல்லை. ஸ்டியரிங்கின் முன்னால். மற்ற டிரைவிங் பள்ளிகளில், தோற்றவரைப் பொட்டலம் போலப் பின்னால் போட்டு அங்குள்ள மாஸ்டரே ஓட்டிக்கொண்டு வருவார். இவர் அப்படி இல்லை. தோற்றவர்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அழுதுகொண்டே ஓட்டினாலும் சரி, கண்ணாடியைப் பார்த்து அழ வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 'அடுத்த தேதி' வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்கும் வந்து குடியேறிவிட்டது. மனைவி தலைக்குச் சாயம் பூசி அது காதுக்கும் பரவினால் அடுத்த தேதி. சோறு அடிப்பிடித்தால் அடுத்த தேதி. மகள் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, எனக்கு அடுத்த தேதி!" என்று கத்தியவள். ஆக, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்றால், அது மாஸ்டருக்குத்தான் வரக் கூடாது.

வந்தது. அதுதான் கதை.

மகளுக்குத் தெருவில் பெயர் ரேடியோ. காலையில் பல் தேய்க்கும்போதே ஒலிபரப்பு தொடங்கிவிடும். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியின் முதல் சுற்றில் பேசி, நடுவர்களில் ஒருவரைக் கண் துடைக்க வைத்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த சுற்றுக்கு யார் யார், எந்த நாள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அன்றிலிருந்து மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் பையைக் கழற்றுவதற்குள், "தேதி சொன்னாங்களா?" என்பார். வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கியர் மாற்றச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் மகள் பேசிய பேச்சை மாஸ்டர் பேசிக் காட்டினார். பலருக்குக் கியர் வரவில்லை. பேச்சு மனப்பாடமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாதி உடம்பு வண்டிக்குள், பாதி வெளியே. தலை டேஷ்போர்டுக்கு அடியில். மகள் வந்து நின்றாள். அவருக்குத் தெரிந்தது அவளுடைய பள்ளி ஷூ மட்டும்தான். அவள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். அப்பாவின் முகம் தெரியாத நேரம் ஒரு நாளில் அவ்வளவாக வாய்க்காது.

"அப்பா."

"சொல்லும்மா. அந்தத் துணிய எடு."

துணியைக் கொடுத்தாள். ஷூ இடமும் வலமும் அசைந்தது.

"அப்பா, ஸ்கூல்ல ஒரு விஷயம். எனக்கு... அடுத்த தேதி கிடைச்சிருக்கு."

டேஷ்போர்டில் மாஸ்டரின் தலை இடித்த சத்தம் கீழ்வீட்டு அத்தைக்குக் கேட்டது. "நெஜமாவா!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டது. எண்ணெய்க் கையோடு வெளியே வந்து மகளைக் கட்டிக்கொண்டார். மாடி ஜன்னலைப் பார்த்து, "இந்தா, கேட்டியா! உன் பொண்ணுக்கு அடுத்த தேதி வந்துடுச்சு!" என்று கத்தினார்.

"அப்பா, அது இல்ல..."

"என்ன இல்ல? அடக்கமா? உனக்கா? இது எப்பலேந்து?"

ரேடியோ வாயைத் திறந்தாள். அப்பாவின் நெற்றியில் ஒரு புடைப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு கேக் வாங்கக் கிளம்பிவிட்டார்.

கேக் கீழ்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டுக்குப் போனது. துணி தேய்க்கிறவருக்கு, மருந்துக்கடைக்கு, வண்டியின் டயருக்குக் காற்றடிக்கிறவருக்குப் போனது. "பொண்ணு மேல போயிட்டா, அடுத்த சுற்று!" என்று கூடவே செய்தியும் போனது. மீதி இருந்ததை மகள் முன்னால் வைத்தார். அவள் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, தட்டின் மறுபக்கத்துக்கு மாற்றி வைத்தாள். பிறகு தலைவலி என்று படுக்கப் போய்விட்டாள்.

மாஸ்டரின் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஆட்களை எதிரே உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். தெரிந்து படிக்கிறவர் யார், குத்துமதிப்பாக அடித்துவிடுகிறவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "என்னங்க, அவ கேக் சாப்பிடல."

"சந்தோஷத்துல பசி போயிருக்கும்."

"உங்க பொண்ணுக்கா? காய்ச்சல்லயே ரெண்டாந்தரம் சோறு கேட்டவ."

"களைப்பா இருக்கும். சும்மா நோண்டாத."

"அவ பேசலைங்க. சாயங்காலத்துலேந்து ஒரு வார்த்தை பேசல. கவனிச்சீங்களா?"

மேசைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் மிதித்தது. எதற்கு மிதித்தது என்று அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், நமக்கும் சுவாரசியம் போயிருக்கும்.

சனிக்கிழமை காலை முதல் பாடம் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு. மகளின் பள்ளியில், மகளின் வகுப்புக்கே பாடம் எடுக்கிறவர். வகுப்பில் அவர் நுழைந்தால் பெஞ்சுகளே நிமிர்ந்து உட்காருமாம். ஸ்டியரிங்கின் முன்னால் அவர்தான் கடைசி பெஞ்சு. சமதரையில் ராணி மாதிரி ஓட்டுவார். ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னால் போதும், வண்டி பின்னால் உருளும், இல்லாவிட்டால் இருமி அணைந்துபோகும். மூன்று தடவை தேர்வுக்குப் போய் மூன்று தடவையும் அடுத்த தேதியோடு திரும்பியவர். முதல் நாளே மாஸ்டரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்: வண்டிக்குள் பள்ளிக்கூடப் பேச்சு கிடையாது.

அன்று டீச்சர் ஏறியதிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தார். சீட் பெல்ட்டைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். மாஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் மூன்று கண்ணாடிகளையும் பார்த்தார். பேக்கரி பக்கத்து ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பார்கள். மாஸ்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"டீச்சர், ஒரே ஒரு தடவை ஒப்பந்தத்த மீறிக்கறேன். நம்ம பொண்ணுக்கு அடுத்த தேதி கிடைச்சிருக்கு!"

டீச்சரின் கால் கிளட்சிலிருந்து நழுவியது. வண்டி ஒரு தடவை இருமி நின்றது.

"அவளே சொல்லிட்டாளா?"

"நேத்து சாயங்காலமே!"

"அப்பாடா." டீச்சர் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தார். ஹார்ன் அடித்தது. பதறி நிமிர்ந்தார். "நேத்து பூரா எனக்கு இதே நினைப்புதான் மாஸ்டர். எப்படிச் சொல்வாளோ, நீங்க எப்படி எடுத்துப்பீங்களோன்னு. இவ்வளவு சந்தோஷமா எடுத்துப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல."

"சந்தோஷம் இல்லாம? கேக் வாங்கித் தெருவுக்கே கொடுத்தாச்சு!"

"கேக்கா?"

"பெரிய கேக்!"

டீச்சர் அவரை ஒரு மகானைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க பெரிய மனுஷன் மாஸ்டர். எத்தனையோ பேரண்ட்ஸைப் பாத்திருக்கேன். கேக் வாங்கினவங்களப் பாத்ததில்ல."

"இதுல என்ன இருக்கு டீச்சர். சரி, அன்னிக்கு எத்தனை ஸ்கூல் வருது?"

"என்னிக்கு?"

"போட்டி அன்னிக்குத்தான்."

பின்னால் இரண்டு வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன. டீச்சர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டார். அவர் வகுப்பில் கேள்வி கேட்கிற குரல் வந்தது, ஆனால் மெதுவாக.

"மாஸ்டர். போன மாசம் டெஸ்ட் முடிஞ்சு நான் வெளிய வந்தேன். எனக்கு என்ன கிடைச்சிருக்குன்னு சொன்னீங்க?"

"அடுத்த தே..."

அதோடு நின்றுவிட்டார். அவருடைய சொந்த வார்த்தை, அவரே பெற்று வளர்த்த வார்த்தை, வாயில் பாதியும் வெளியே பாதியுமாக நின்றது. மகளின் ஷூ இடமும் வலமும் அசைந்தது கண்ணுக்குள் வந்தது. கேக் துணுக்கு தட்டின் மறுபக்கம் போனது வந்தது.

"எதுல?" என்றார் கடைசியில்.

"என் பாடத்துலதான்." டீச்சர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "லீவுல மறுபடி எழுதணும். அதுல பாஸானாதான் அடுத்த வகுப்பு. மாஸ்டர், அவ வகுப்புல எழுந்து பதில் சொன்னா எனக்கே கெமிஸ்ட்ரி மேல ஆசை வரும். அவ்வளவு அழகாப் பேசுவா. புரிஞ்சுடுச்சுன்னு நானும் ஏமாந்துட்டேன். பேப்பர்ல பாத்தா ஒண்ணும் இல்ல. புரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"டீச்சர், ஒரு அஞ்சாறு மார்க்கு..."

"கேக்காதீங்க மாஸ்டர். கேட்டா நான் முடியாதும்பேன். அப்புறம் நாம ரெண்டு பேரும் இந்த வண்டியில உக்கார முடியாது."

"நான் கேக்கல."

"கேக்க வந்தீங்க."

"வந்தேன். பிரேக் போட்டுட்டேன்."

 ஹார்ன் அடித்தவர்களில் ஒருவர் இறங்கி வருவதற்குள் டீச்சர் வண்டியை எடுத்தார். மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சமதரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் டீச்சர் சொன்னார்: "மாஸ்டர்! வண்டி உருளவே இல்ல. நீங்க பிரேக் மிதிச்சீங்களா?"

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். அது ஓரமாக, ஊருக்குப் புதிதாக வந்தவன் மாதிரி, சும்மா கிடந்தது.

"இல்லையே," என்றார். மகிழ்ச்சிப்பட வேண்டிய விஷயம். பட முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கடைக்குப் போயிருந்தாள். மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. மாஸ்டர் தட்டினார்.  உள்ளே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போர்வைக்குள் ஒரு மேடு. மேடு மூச்சு விட்டது.

"டீச்சர் சொன்னாங்களா?" என்றது மேடு.

"நீ சொன்ன. நேத்தே சொன்ன. எனக்குத்தான் காது கேக்கல."

மேடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அந்த வார்த்தையக் கண்டுபிடிச்சவனே நான்தான்மா. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் சொல்லுவேன். என் பொண்ணு சொன்னா எனக்கே புரியல. மூள எங்க போச்சுன்னு தெரியல."

"டேஷ்போர்டுல இடிச்சுச்சே, அதுல போயிருக்கும்."

போர்வை கொஞ்சம் இறங்கியது. வீங்கிப்போன கண்கள் இரண்டு வந்து அவர் நெற்றியைப் பார்த்தன.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கப்பா. அதுல போய் எப்படி பிரேக் போடறது? கேக்கு வேற வாங்கிட்டு வந்துட்டீங்க. ஒவ்வொரு வீடாக் கொடுத்துட்டீங்க. ஃபெயிலானதுகூடப் பரவால்ல. இப்ப உங்களப் பாத்து வேற எல்லாரும் சிரிப்பாங்க."

"என்னையா?"

"ஃபெயிலான பொண்ணுக்குக் கேக் கொடுத்த அப்பான்னு."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். சிரிப்பார்கள்தான். காற்றடிக்கிறவர் இந்த வருஷம் முழுக்க இதை வைத்தே கிண்டலாக ஓட்டுவார். ஆனால் இந்தப் பெண் ஒரு ராத்திரி முழுக்கத் தன்னுடைய மார்க்கை நினைத்து அழவில்லை, அப்பாவின் மானத்தை நினைத்து அழுதிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கெமிஸ்ட்ரி ரொம்பக் கஷ்டமாம்மா?"

"ஆரம்பத்துலேந்தே புரியலப்பா. புரியலன்னு சொல்றதுக்குப் பதிலா புரிஞ்ச மாதிரி பேசிட்டேன். பேச வருதா, பேசிட்டேன். எல்லாரும் நம்பிட்டாங்க. கொஞ்ச நாள் நானும் நம்பினேன்."

"இனிமே புரியலன்னா புரியலன்னு சொல்லு. என்கிட்ட சொல்லு. எனக்கும் புரியாது. ரெண்டு பேரும் சேந்து முழிக்கலாம்."

மேடு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத குலுக்கல்.

"தெருவுல என்னப்பா சொல்றது?"

"அத நான் பாத்துக்கறேன்," என்றார் மாஸ்டர். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். "போட்டியத் தள்ளி வெச்சுட்டாங்கன்னு சொல்லிடறேன். அப்புறம் மறந்துடுவாங்க."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி ஒரு பக்கமாக நின்றது.

"தோத்தவங்கதானேப்பா வண்டிய ஓட்டிட்டு வரணும்?"

மாஸ்டர் பதில் சொல்வதற்குள் வாசல் மணி அடித்தது. அடித்த தோரணையிலேயே தெரிந்தது, கீழ்வீட்டு அத்தை. அவள் மணியை ஒரு தடவை அடித்துவிட்டுக் காத்திருக்கிற ஜாதி இல்லை.

"மாஸ்டரண்ணா! ரேடியோ இருக்காளா? போட்டி எந்த நாள்னு கேட்டுச் சொல்லுங்க. நான் முன் வரிசைல உக்காரணும். புடவைக்கு இஸ்திரி போடக் கொடுக்கணும்ல!"

மகள் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாஸ்டர் பின்னாலேயே வந்தார். அவள் கதவைத் திறந்தபோது அவர் கூடத்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். வாய் வரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். கால் துடித்தது.

"அத்தை, போட்டி தேதி இன்னும் சொல்லல," என்றாள் மகள். "நான் அப்பாகிட்ட சொன்னது வேற. கெமிஸ்ட்ரில ஃபெயிலாயிட்டேன். லீவுல மறுபடி எழுதணும். அதத்தான் அடுத்த தேதின்னு சொன்னேன். அப்பா போட்டின்னு நெனைச்சுட்டாரு."

கீழ்வீட்டு அத்தைக்குப் பேச்சு வரவில்லை. தெருவின் சரித்திரத்தில் இப்படி நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு இதுவரை வந்த செய்திகளெல்லாம் கதவிடுக்கிலும் மாடிப்படியிலும் துணி காயப்போடும் இடத்திலும் அரைகுறையாகப் பொறுக்கியவை. முழுசாக, சுடச்சுட, சம்பந்தப்பட்டவரே தட்டில் வைத்து நீட்டினால் எப்படி வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஃபெயிலா?" என்றாள், உறுதி செய்துகொள்வது போல.

"ஃபெயில்."

"எவ்வளவு மார்க்கு?"

"அத்தை!"

"சரி சரி, கேக்கல." கொஞ்சம் நின்றாள். "முப்பதுக்கு மேலயா கீழயா? அத மட்டும் சொல்லு."

"கீழ."

"அடக் கடவுளே." அத்தை கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். உள்ளே மாஸ்டரைப் பார்த்தாள், மறுபடி மகளின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ இளகியது. "அழுதியா? அழாத. என் கூடப்பிறந்தவன் ஒவ்வொரு வகுப்புலயும் ரெண்டு வருஷம் உக்காந்தான். பெஞ்சே அவன் பேர்ல எழுதிக் கொடுத்துடலாம்னாங்க. இன்னிக்கு நல்லாத்தான் இருக்கான், கொஞ்சம் குண்டா."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு," என்றாள் அத்தை. "அந்தக் கேக்க நாங்க சாப்பிட்டாச்சு. திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டோம்."

"மறுபடி எழுதிப் பாஸாயிட்டு வாங்கினா, இதவிடப் பெரிசா வாங்கணும். இதுல க்ரீம் கம்மி."

அவள் படி இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் யாரிடமோ ஆரம்பித்துவிட்டாள்: "விஷயம் தெரியுமா? மாஸ்டர் பொண்ணு கெமிஸ்ட்ரில ஃபெயிலு. யாரு சொன்னான்னா கேக்கற? அவளே சொன்னா. என் மூஞ்சிய நேராப் பாத்துச் சொன்னா. பயமே இல்ல பாரு!" அன்று சாயங்காலத்துக்குள் செய்தி காற்றடிக்கிறவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எந்த வீட்டில் சொன்னாலும் ஃபெயில் என்பதை வேகமாகச் சொல்லிவிட்டு, நேராகப் பார்த்துச் சொன்னாள் என்பதைத்தான் அத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள் என்று கேள்வி.

மகள் கதவைச் சாத்திவிட்டு, அதிலேயே முதுகைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். 

"பொய் சொல்லிக் காப்பாத்தப் போறீங்கன்னு நெனைச்சேன்," என்றாள். "நடுவுல மிதிச்சீங்களா?"

"இல்லம்மா."

அவள் கீழே பார்த்தாள். மாஸ்டர் மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தரையிலிருந்து தூக்கி மடக்கி, கொக்கு மாதிரி இடது காலில் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்ததிலிருந்து அப்படியேதான் நின்றிருக்கிறார். இடது முட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"கீழ இறக்கலாம்ப்பா," என்றாள் மகள்.